மச்சானைப் பற்றி விசாரித்தார்கள்

அந்த ஆபீசில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் தங்கவில்லை. சோப்புக் கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவள் சோப்பக்கா. பிஸ்கட் கம்பெனிக்கு எடுத்துக் கொடுத்தவன் பிஸ்கட்டு. ஆஸ்பத்திரிகளுக்கு ஆயாக்களையும் துப்புரவு ஆட்களையும் தேடித் தேடி ஓய்ந்துபோன ஒருவரை எல்லோரும் டாக்டர் என்றார்கள். அவர் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஊருக்கு வெளியே இருந்த பெரிய சரக்குக் கிடங்குக்கு ஆள் எடுத்தவர் கிடங்கண்ணன்.

இப்போது அந்த மாடியில் யாரோ உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறார்கள். பஸ் சிக்னலில் நின்றால் கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுவது தெரியும். "நாங்களும் அங்க அப்படித்தான் ஓடிக்கிட்டிருந்தோம்" என்று கிடங்கண்ணன் பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவியிடம் சொல்வார். அவளும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவாள்.

அது ஆள் எடுத்துத் தரும் கம்பெனி. பெரிய கம்பெனிகளுக்கு ஆள் வேண்டும், ஆனால் தேட நேரமில்லை. அந்தத் தலைவலியை அப்படியே தூக்கி இவர்கள் தலையில் வைத்துவிடுவார்கள். இவர்கள் போன் போட்டு, பேசி, வடிகட்டி, வேலையில் சேரும் நாளில் வாசல் கேட்டில் ஆளை நிறுத்திக் காட்ட வேண்டும். இதில் ஒரு விதி உண்டு. எந்தக் கம்பெனிக்காகப் பேசுகிறார்களோ அந்தக் கம்பெனியாகவே பேச வேண்டும். சோப்பக்கா சோப்புக் கம்பெனிக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் போனை எடுத்தால் "நம்ம பாக்டரியில கேன்டீன் ரொம்ப நல்லா இருக்கும்" என்பாள். வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கடைசிவரை தெரியாது, தங்களோடு பேசியது வேறு ஒரு தெருவில், ஏசி ஒழுகும் ஒரு மாடியில், காதில் பஞ்சு பிய்ந்த ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த யாரோ என்று.

கிடங்கண்ணன் அங்கே வருவதற்கு முன் முதுகால் பிழைத்தவர். மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றி இறக்கினார். ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. இனி எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஊசிக்குப் பயப்படாத நிஜ டாக்டர். வீட்டில் சும்மா படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனை, பழைய மேஸ்திரி ஒருவர்தான் இங்கே அனுப்பி வைத்தார். ஆபீசைக் கட்டி மேய்த்த டீம் லீடர் அம்மாவுக்குப் பெரிய மேசை என்று பட்டப்பெயர். அந்த மாடியிலேயே டிராயர் வைத்த மேசை அவளுடையது ஒன்றுதான். அவள் இவரை உட்காரவைத்து, "ஏதாவது பேசுங்க" என்றாள்.

"என்ன பேசறதும்மா?"

"மூட்டை தூக்க வான்னு ஒருத்தரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"சாப்டாச்சான்னு முதல்ல கேப்பேன்."

"நாளைக்கே வந்துருங்க" என்றாள் அவள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டவர். கேள்வித்தாளை மேசையில் விரித்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே பேசுவார். வார்த்தைகள் நெல்லிக்காய் மூட்டை மாதிரி முதலில் சிதறின. பிறகு அடங்கின. அடங்கியதும் வேறு தொல்லை வந்தது. ஆபீஸ் பேச்சு வாயிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மனைவி போன் செய்தாள். எடுத்தவர், "வணக்கம், கிடங்கு ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட், உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்றார்.

"வரும்போது துவைக்கிற சோப்பு வாங்கிட்டு வந்து உதவுங்க சார்" என்றாள் அவள்.

சிரிப்பும் கிண்டலுமாகத்தான் அந்த வீடு ஓடியது, ஒரு விஷயத்தைத் தவிர. மனைவிக்கு ஒரே அண்ணன். லாரி டிரைவர். கிடங்கண்ணன் மூட்டை தூக்கின காலத்தில் அந்த லாரியிலும் லோடு ஏற்றியிருக்கிறார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிட்ட காலம் அது. பிறகு உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்ற கிடங்கண்ணனைப் பார்த்து, பந்தியில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி மச்சான் சொன்னார்:

"பாத்தீங்களா, மூட்டை தூக்கினவரு இப்ப ஆள் பிடிக்கிறாரு. புள்ளைங்களைப் பத்திரமா வெச்சுக்குங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. கிடங்கண்ணனுக்குச் சுருக்கென்றது. "சிரிங்க மச்சான், சிரிங்க. நாளைக்கு வேலை கேட்டு என் வாசலுக்குத்தான் வரணும்" என்றார்.

மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "உன் வாசலா? உன் தெருவுக்கே வரமாட்டேன். செத்தாலும் உன்கிட்ட வாய் திறந்து பேசமாட்டேன்."

இரண்டுமே விளையாட்டில் முளைத்த வார்த்தைகள்தான். ஆனால் மச்சான் சொன்னபடியே நின்றார். தங்கச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்வார். அவளும் டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய், அந்த இரும்பு பெஞ்சில் அண்ணனோடு உட்கார்ந்துவிட்டு வருவாள். கழுவிய டப்பாவையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் கிடங்கண்ணனை அறுத்தது.

வருஷங்கள் ஓடின. மச்சான் ஓட்டிய லாரிக் கம்பெனி மூடிவிட்டது என்று பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. மனைவி அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் டிபன் டப்பா இரண்டானது.

அப்போதுதான் கிடங்குக்கு டிரைவர்கள் வேண்டுமென்று வேலை வந்தது. ஒரு காலை நேரம், திரையில் அடுத்தடுத்து வந்த நம்பர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே போனார் கிடங்கண்ணன். ஒரு பெயர் மச்சானின் பெயராக இருந்தது. அந்தப் பெயரில் ஊருக்குள் ஆயிரம் பேர், நம்பரும் பழகின நம்பர் இல்லை என்று அழுத்திவிட்டார்.

"ஆங்... யாரு?" என்றது குரல்.

அந்த 'ஆங்' உலகத்தில் ஒரே தொண்டையிலிருந்துதான் வரும். கிடங்கண்ணனின் விரல் கேள்வித்தாளின் முதல் வரியில் தானாகப் போய் நின்றது. தன் குரலை மூட்டை மாதிரி இறுக்கிக் கட்டி, ஆபீஸ் பேச்சில் சொன்னார்: "வணக்கம். கிடங்கு ஹெச்.ஆர்.லேருந்து பேசறோம். டிரைவர் வேலைக்கு விண்ணப்பிச்சிருந்தீங்க. சாப்டாச்சா?"

"ஆச்சு சார். சொல்லுங்க சார்."

சார்! இந்த மனிதன் வாயிலிருந்து தனக்கு ஒரு 'சார்' வருமென்று கிடங்கண்ணன் கனவிலும் நினைத்ததில்லை. ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வேலை தேடித்தேடி அலைந்தவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு பணிவு அந்தக் குரலில் இருந்தது. மற்றவர்களிடம் அதைத் தினமும் கேட்டவர் இவர். இந்தக் குரலில் கேட்கத் தாங்கவில்லை.

"ரொம்ப சந்தோஷங்க. உங்க அனுபவத்துக்கு... எங்க பெரிய அதிகாரி ஒருத்தங்க பேசுவாங்க. போனைப் பக்கத்துலயே வெச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றியபோது பஞ்சு வேர்வையில் நனைந்து காதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

சொந்தக்காரர்களை யாரும் கையாளக்கூடாது என்பது அந்த ஆபீசில் கண்டிப்பான விதி. நேரே பெரிய மேசையிடம் போய் நின்றார்.

"எம் மச்சான் வந்திருக்காரும்மா. போன்ல."

"வேற மேசைக்கு மாத்திருவோம். அதுக்கு ஏன் முகம் இப்படி இருக்கு? அவருக்கு உங்கமேல கோபமா, உங்களுக்கு அவர்மேலயா?"

"ரெண்டும்தாம்மா." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் இங்க இருக்கேன்னு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வர்ற வேலையைக் காலால தள்ளிட்டுப் போயிருவாரு. அவருக்கு வேற போக்கு இல்லம்மா."

பெரிய மேசை பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டாள். "நாம யாருன்னு நாம எப்ப யார்கிட்ட சொல்லியிருக்கோம்?" என்றாள்.

சோப்பக்காவின் மேசைக்குப் போனது மச்சானின் விவரம். அவள் கிடங்கண்ணனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசுவது கேட்கும். மறுமுனை கேட்காது. கல்யாண வீட்டுக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதை ஊகிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

"எத்தனை வருஷமா ஓட்டறீங்க?... ஓ... விபத்து ஏதாவது?... ஒண்ணுமே இல்லையா?... ஒரு பூசணிக்காயா? பூசணிக்காய் மேல ஏத்தினதெல்லாம் விபத்து இல்லீங்க." அவள் சிரித்தாள். கிடங்கண்ணனுக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பூசணிக்காய் உருண்டபோது லோடு மேலே உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?... ம்... சரி, சரிங்க. பரவால்ல. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க."

கிடங்கண்ணன் சிரிப்பதை நிறுத்தினார்.

"கடைசியா ஒண்ணு. உங்களைப் பத்தி விசாரிக்க ஒருத்தர் பேர் வேணும். உங்க வீட்ல இல்லாதவரா, நிரந்தர வேலையில இருக்கறவரா... யாரு?... தங்கச்சி வீட்டுக்காரரா?"

சோப்பக்காவின் தலை மெல்லத் திரும்பியது. பேனா காற்றில் நின்றது. "நம்பர் சொல்லுங்க" என்றாள். எழுதினாள். போனை வைத்ததும் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே. உங்க நம்பரு."

"என்னது?"

"பாத்துச் சொல்லல. கடகடன்னு மனப்பாடமா ஒப்பிச்சாரு."

கிடங்கண்ணன் எழுந்து டீ மிஷின் பக்கம் போய்விட்டார். டீக்கும் காபிக்கும் ஒரே ருசி கொடுக்கிற மிஷின். எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது.

விசாரிக்காமல் விடமுடியாது. வேறு பெயர் கொடுங்கள் என்று கேட்டால் மச்சான் ஏன் என்று துருவுவார். விசாரணைப் பேச்சு பதிவாக வேண்டும், கிடங்கு அதிகாரி அதைக் கேட்பார், கேட்டுவிட்டுத்தான் ஆளை எடுப்பதா வேண்டாமா என்று சொல்வார். பெரிய மேசை அந்த அதிகாரிக்கு உள்ளதை உள்ளபடி தெரிவித்துவிட்டாள்: பதில் சொல்லப்போகும் சொந்தக்காரர் எங்கள் ஆள், கேள்வி கேட்பது வேறு ஆள், வேலைக்கு வருகிறவரிடம் மட்டும் இதைச் சொல்லவேண்டாம் என்று. பிறகு கிடங்கண்ணனிடம் திரும்பி, "உண்மையை மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றாள்.

பக்கத்து மேசையிலிருந்து பேசினால் ஒரே குரல் இரண்டு தடவை பதிவாகும் என்று அவரை மாடிப்படிக்கு அனுப்பினார்கள். படியில் உட்கார்ந்தார். முதுகு வலித்தது. கண்ணாடிக் கதவு வழியாக சோப்பக்கா ஹெட்போன் மாட்டுவது தெரிந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது.

"வணக்கம் சார். கிடங்கு ஹெச்.ஆர்.லேருந்து பேசறேன். டிரைவர் வேலைக்கு வந்த ஒருத்தர் உங்க பேரைக் கொடுத்திருக்காரு. பேசலாமா?"

காலையில் அவர் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துத் தின்றவள்தான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் கிடங்கண்ணன் படியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேசலாம்மா."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"எம் பொண்டாட்டியோட அண்ணன். எனக்கு மச்சான்."

"உங்ககிட்ட எப்படிப் பழகுவாரு?"

"என்கிட்ட பேசறதில்லைம்மா."

கண்ணாடிக்குப் பின்னால் சோப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்: "பேசாதவரைப் பத்தி நீங்க எப்படி சார் சொல்ல முடியும்?"

"அதனாலதாம்மா சொல்ல முடியுது. பேசமாட்டேன்னு ஒரு நாள் சொன்னாரு. அன்னையிலேருந்து பேசல. எங்க தெருவுக்கு வரமாட்டேன்னாரு. மழை கொட்டினாலும் பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டே தங்கச்சியைப் பாத்துட்டுப் போவாரே தவிர, வரல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு மறந்துபோற ஆள் இல்ல அவரு. உங்க சரக்கை விடியறதுக்குள்ள கொண்டாந்து எறக்கறேன்னு சொன்னார்னா எறக்கிருவாரு."

"குடிப்பழக்கம்?"

"கிடையாது. டீ மட்டும் அநியாயத்துக்குக் குடிப்பாரு."

"கோபப்படுவாரா?"

இங்கேதான் கொஞ்சம் தயங்கினார். "படுவாரும்மா. நல்லாவே படுவாரு. ஆனா ஸ்டீரிங்கைப் பிடிச்சா அந்தக் கோபம் கீழ எறங்கிரும். நான் அவர் வண்டியில லோடோட லோடா மேல உக்காந்து எவ்வளவோ தூரம் போயிருக்கேன். பள்ளம் வந்தா எனக்காக மெதுவாக்குவாரு. மூட்டைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

கடைசிக் கேள்வி வந்தது. அவரே எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. விரலுக்கு அடியில் தேய்ந்துபோன வரி.

"நீங்களா ஒரு கம்பெனி நடத்தினா இவரை வேலைக்கு வெச்சுக்குவீங்களா?"

"நான் வெச்சுக்குவேன்மா" என்றார் கிடங்கண்ணன். "அவருதான் வரமாட்டாரு."

சோப்பக்கா நன்றி சொல்லாமலே வைத்துவிட்டாள். அவள் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டு எழுந்து வந்து என்ன ஏதென்று விசாரித்தான்.

பெரிய மேசை பதிவைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "உண்மையைச் சொல்லச் சொன்னேன். அதுக்காகக் கோபக்காரர்னு எழுதி ஒட்டணுமா?"

"நீங்கதானேம்மா குறைக்க வேண்டாம்னீங்க."

கிடங்கிலிருந்து பதில் உடனே வரவில்லை. அந்த நாட்களில் கிடங்கண்ணனுக்கு வேலையே ஓடவில்லை. சொன்னது தப்போ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு பொய், சும்மா ஒரே ஒரு பொய், 'தங்கமான மனுஷன்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வீட்டில் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சொன்னார். கழுவிக்கொண்டிருந்த டப்பாவை அப்படியே வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"அண்ணன் உங்க பேரையா கொடுத்துச்சு?"

"ஆமா."

"கிடைக்கலைன்னாலும் பரவால்லீங்க" என்றாள். ஆனால் அன்று பஸ் ஸ்டாப்புக்குப் போய் வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாக்கள் திறந்திருந்த நேரம், பெரிய மேசை வந்து நின்றாள். கிடங்கு அதிகாரி பதிவைக் கேட்டாராம். இரண்டாவது தடவை தன் மேலதிகாரியையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தாராம். "இப்படி ஒரு விசாரணையை நான் கேட்டதே இல்ல. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றாராம். டாக்டர் கைதட்டினார். சோப்பக்கா தன் டப்பாவையே தூக்கி கிடங்கண்ணன் முன்னால் வைத்தாள். அவர் டப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முன்பே சோப்பக்கா கிடங்கு கேட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். ஆள் எடுக்கிறவர்களுக்குப் பெரிய பயம் அந்த நாள்தான். சரி என்று சொன்னவர்கள் வராமல் போவார்கள், போனை அணைத்துவிடுவார்கள். "வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். "எல்லாருக்கும் முன்னாடியே வந்து கேட்டுல நிக்கறாராம், அண்ணே. வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம்."

அந்த ஆபீஸ் பிறகு வேறு ஊருக்குப் போயிற்று. ஆட்கள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். சோப்பக்கா இன்றைக்கும் எப்போதாவது போன் செய்து, "கிடங்கு ஹெச்.ஆருங்களா?" என்பாள். கிடங்கண்ணனுக்கு அந்த மாடியை நினைத்தால் ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிய சத்தமும், ஒரே நேரத்தில் எல்லோரும் வேறுவேறு கம்பெனியாகப் பேசிய இரைச்சலும் காதுக்குள் வரும். அதோடு சேர்ந்து எப்போதும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வரும்.

மச்சான் வேலையில் சேர்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நிழல் தெரிந்தது. மனைவி எட்டிப்பார்த்து, "அண்ணே!" என்றாள். கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூவோடு மச்சான் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே நாற்காலியில் இருந்த கிடங்கண்ணனைப் பார்க்காமல், பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. அவர் சொன்னதையெல்லாம் அதிகாரி எனக்குச் சொன்னாருன்னு."

"அவர் இங்கதானே இருக்காரு. நீங்களே சொல்லுங்க."

"நான் உன்கிட்டதான் சொல்றேன். காது இருக்கறவங்க கேட்டுக்கட்டும்."

கிடங்கண்ணன் மனைவியைப் பார்த்தே சொன்னார்: "கேட்டுச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு. வெயில்ல நிக்க வேண்டாம்னும் சொல்லு."

"அண்ணே, கேட்டுச்சாம். வெயில்ல நிக்க வேண்டாமாம்."

மச்சான் ஒரு காலை மட்டும் நிழலுக்குள் வைத்தார். "நல்ல கம்பெனி தங்கச்சி. மரியாதையான ஆளுங்க. முதல்ல ஒருத்தர் போன்ல பேசினாரு பாரு, என்ன பக்குவம்! எடுத்தவுடனே சாப்டாச்சான்னு கேட்டாரு. எத்தனை இடத்துல வேலை கேட்டிருப்பேன், ஒருத்தன் கேட்டதில்ல. படிச்ச மனுஷன் படிச்ச மனுஷன்தான். உன் வீட்டுக்காரரும் அதே வேலைதானே பாக்கறாரு? அவர்கிட்ட போய்க் கத்துக்கச் சொல்லு."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. கிடங்கண்ணனுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஆள் நான்தான். மூன்றே வார்த்தை. சொன்னால் பந்தியில் சிரித்த சிரிப்புக்கெல்லாம் கணக்குத் தீர்ந்துவிடும். எதிரே நின்ற மனிதரைப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. வேலைக்குப் போகிற மனிதனின் நிமிர்வு தோளுக்கு வந்திருந்தது. தானாகத் தேடி, தானாக வாங்கிய வேலை என்ற நிமிர்வு.

"அந்த சார்கிட்ட கத்துக்கறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றார்.

மனைவியால் வாயைத் திறக்க முடியவில்லை. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. நடுவில் சொல்ல ஆளில்லாமல் பேச்சு அந்தரத்தில் நின்றது.

"கத்துக்கிட்டா நல்லதுதான், மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மச்சான் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வேறு பார்க்க ஒன்றும் கிடைக்காமல் குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.